பரணில் கிடைத்த மூன்று ஷெஃபீல்ட் மடக்குக் கத்திகள்: சாணை பிடிக்கலாமா, அப்படியே வைக்கலாமா?

சந்தூர்க்கன்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் போன வாரம் பிரித்தோம். பரண் மேல் தாத்தாவின் தகரப் பெட்டி ஒன்று, பூட்டு துருப்பிடித்து, சாவி யாரிடமும் இல்லை, கடைசியில் கடப்பாரை வைத்துத்தான் திறந்தோம். உள்ளே நிலப் பத்திரம் இருக்கும் என்று சித்தப்பா ரொம்ப எதிர்பார்த்தார், இருந்தது பழைய வரி ரசீதுகளும் ஒரு கதர்த் துணியில் சுற்றிய மூன்று மடக்குக் கத்திகளும். அவருக்குப் போன முகம் இன்னும் திரும்பவில்லை.

முதல் கத்தி சின்னது, ஒரே ஒரு அலகு. பிடியின் கடைசியில் நாக்கு மாதிரி தட்டையாக, வெள்ளையாக எலும்போ தந்தமோ ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அலகின் அடியில் சேய்னர் என்று பாதியும் கீழே ஷெஃபீல்ட் என்று, கத்திக்குப் பேர் போன அந்த இங்கிலாந்து ஊரின் பெயரும் தெரிகிறது. இரண்டாவதுதான் அழகு. இரண்டு அலகு, மான் கொம்புப் பிடி, ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு சிலுவை, மேலே கிரீடம், கிரீடத்துக்கு இரண்டு பக்கமும் ஜி, ஆர் என்ற எழுத்துகள். மூன்றாவது கனமான கறுப்புக் கத்தி, பிடி முழுக்கச் சொரசொரவென்று கட்டம் போட்டிருக்கும், பின்பக்கம் ஒரு தடித்த ஊசி, டின் திறக்கும் கொக்கி வேறு. 1943 என்று இருக்கிறது, அதற்கு மேல் கோழிக்கால் மாதிரி ஒரு அம்புக்குறி.

தாத்தாவுக்கு மாங்கன்று ஒட்டுக் கட்டுவதுதான் தொழில். மூன்றும் அவருக்கு எப்படி வந்தன என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு எடுத்துப் பொட்டு வைத்து மறுபடி பெட்டியில் வைப்பார் என்று பாட்டி மட்டும் சொல்கிறார். டீக்கடையில் விஷயம் பரவி, இரண்டாவது கத்தி லட்சக்கணக்கில் போகும் என்கிறார்கள். மாமா, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும் சாணைக்காரரிடம் கொடுத்துப் பளபளவென்று ஆக்கி, படம் எடுத்து ஆன்லைனில் போடலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கு விற்க மனசில்லை, இதுபோல் இன்னும் சேர்க்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாரமகால்வாசி எழுதியது:

தம்பி, முதல் வேலையாக உங்கள் மாமாவிடமிருந்து அந்தக் கத்திகளை வாங்கி ஒளித்து வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் தருமபுரி. பதினைந்து வருடமாகப் பழைய பேனாக்கத்தி பொறுக்குகிறேன், வீட்டில் திட்டு வாங்குகிறேன். நம் பக்கத்தில் கிடைக்கிற ஷெஃபீல்ட் கத்திகளில் பாதிக்கு மேல் கெட்டுப்போனது துருவால் இல்லை, சாணையால்தான். சாணைக்காரரைக் குறை சொல்லவில்லை, அரிவாளும் கொடுவாளும் தீட்டுகிற கல் அது. அதில் மூன்று அங்குலப் பேனாக்கத்தியை வைத்தால் நாலு சுற்றில் அலகு பாதி காணாமல் போகும், முக்கியமாக அடியில் இருக்கிற முத்திரை அழிந்து போகும். முத்திரை போனால் சேகரிக்கிறவனுக்கு அது வெறும் பழைய இரும்பு. நான் ஆரம்பத்தில் வாங்கிய ஒரு நல்ல கத்தியை நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நாசம் செய்தேன், இன்றும் மேசை டிராயரில் கிடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

முத்திரையை எப்படிப் படிப்பது என்றால், அலகைப் பாதி மடக்கி, பிடிக்குள் நுழைகிற அடிப்பகுதியைப் பூதக்கண்ணாடி வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி சாய்த்துப் பாருங்கள். செல்போன் டார்ச் போதும். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பி வரும். ஷெஃபீல்ட் என்று மட்டும் இருந்தால் ஒரு காலம், அதோடு இங்கிலாந்து என்ற சொல்லும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு, ஏனென்றால் அமெரிக்காவில் 1890இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்னது, அங்கேதான் இவர்களுக்குப் பெரிய வியாபாரம். அலகில் துருப்பிடிக்காத எஃகு என்று பொறித்திருந்தால் இன்னும் பிந்தியது. ஹாரி பிரியர்லி அந்த எஃகை ஷெஃபீல்டில் உருக்கியதே 1913இல்தான்.

நட்சத்திரமும் சிலுவையும் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் அடையாளம். 1682இலேயே பதிந்த முத்திரை. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் அரண்மனைக்குக் கத்தி கொடுக்கும் உரிமை வாங்கினார்கள், அதனால்தான் கிரீடமும் அரசர் பெயரின் எழுத்தும். வி ஆர் என்றால் விக்டோரியா, 1901 வரை. ஈ ஆர் பெரும்பாலும் ஏழாம் எட்வர்ட், 1910 வரை. ஜி ஆர் என்றால் அனேகமாக ஐந்தாம் ஜார்ஜோ ஆறாம் ஜார்ஜோ, அதாவது 1910இலிருந்து 1952க்குள். இவர்கள் 1822ஆம் வருடத்துக்கு 1822 அலகுகள் வைத்து ஒரே ஒரு கத்தி செய்து, அப்புறம் வருடத்துக்கு ஒரு அலகு சேர்த்துக்கொண்டே போனவர்கள். அதை எந்தப் பையில் போடுவது என்று கேட்காதீர்கள், காட்சிக்குத்தான்.

ஆனால் குஷியாகிவிடாதீர்கள். இவ்வளவு பேர் வாங்கின கம்பெனியைக் காப்பியடிக்காமல் விடுவார்களா? அசல் ராட்ஜர்ஸ் பெயரில் நடுவில் ஒரு டி (D) எழுத்து வரும். அந்த டி இல்லாமல் ரோஜர்ஸ் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். நட்சத்திரத்துக்கு ஆறு முனை இருக்க வேண்டும். சிலுவை கூட்டல் குறி மாதிரி இருக்காது, மால்ட்டா சிலுவை, நாலு கையும் வெளியே போகப் போக விரிந்து, நுனியில் பிளந்திருக்கும். எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒட்டுக்கட்டி எழுதியது:

மேலே அண்ணன் சொன்னது சரி, ஆனால் எல்லோரும் இரண்டாவது கத்தியையே பிடித்துத் தொங்குகிறீர்கள், எனக்கு முதல் கத்திதான் பெரிசாகத் தெரிகிறது. நாற்றங்கால் வைத்திருக்கிறேன், முப்பது வருடமாகக் கையில் ஒட்டுக் கத்தி. சேய்னர் என்பது தோட்டக் கத்திக்கென்றே பெயர் வாங்கின ஷெஃபீல்ட் கம்பெனி, கிளை கழிக்கிற வளைந்த கத்தி, ஒட்டுக் கத்தி எல்லாம் செய்தவர்கள்.

அந்த வெள்ளை நாக்கு எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பட்டையை ஆங்கில டி (T) எழுத்து மாதிரி கீறியபின் அதை மெதுவாக நெம்பித் தூக்கி, உள்ளே மொட்டைச் சொருகுவதற்கு. இரும்பால் நெம்பினால் பட்டைக்கு அடியில் இருக்கிற பச்சைத் தோல் காயப்படும், அதனால்தான் எலும்பு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் பக்கத்தில் மாவுக்கு மொட்டுக் கட்டும் வழக்கம் அவ்வளவு கிடையாது, அந்தக் காலத்தில் எல்லாம் நெருக்கு ஒட்டுதான், கன்றைத் தொட்டியோடு கொண்டுபோய்த் தாய்மரக் கிளையோடு சேர்த்துக் கட்டுவார்கள். இப்போது மென்தண்டு ஒட்டு. இரண்டுக்கும் இந்த நாக்கு வேண்டியதில்லை. நாக்கு வைத்த கத்தி ரோஜாவுக்கும் எலுமிச்சை, சாத்துக்குடிக்கும்தான். ஆகவே உங்கள் தாத்தா மாங்கன்றோடு நின்றவர் இல்லை, எங்கேயோ ரோஜாவோ எலுமிச்சையோ கட்டியிருக்கிறார். ஓசூர், தளி பக்கம் வெள்ளைக்காரர் தோட்டத்தில் வேலை பார்த்தாரா என்று பாட்டியைக் கேளுங்கள். அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும், தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று. ஒட்டுக் கத்தியில் பலவற்றுக்கு ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், மறுபக்கம் தட்டை. வெட்டு நேராக, கண்ணாடி மாதிரி வர வேண்டும், இரண்டு வெட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் அப்படி. சந்தையில் கொடுத்தால் இரண்டு பக்கமும் தீட்டித் தருவார்கள், அதோடு அது வெங்காயம் நறுக்கத்தான் ஆகும்.

ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. கத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவதா? நல்ல கருவி, நல்ல எஃகு. வழவழப்பான தீட்டுக்கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தட்டைப் பக்கத்தைத் தொடாமல், சரிவுப் பக்கத்தை மட்டும் பொறுமையாகத் தீட்டி வருடத்துக்கு நாலு கன்றாவது கட்டுங்கள். தாத்தா அதற்குத்தானே வைத்திருந்தார்.

பாரமகால்வாசி எழுதியது:

ஒட்டுக்கட்டி அண்ணா, நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அலகு முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். மடக்கும்போது அலகின் முனை பிடிக்குள் முழுசாக அடங்கி, நகம் வைக்கும் பள்ளம் மட்டும் வெளியே தெரிந்து, திறக்கும்போது டக் என்று ஒரு சத்தம் வந்தால் அதிகம் தேயாதது. அப்படி இருந்தால் நான் தீட்ட மாட்டேன்.

தம்பி, சுத்தம் செய்கிற விஷயம். சிவப்புத் துரு இருந்தால் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய செப்புக் காசின் ஓரத்தால் சுரண்டி எடுங்கள், செம்பு எஃகைவிட மெத்து, கீறாது. சாம்பல், கறுப்பு நிறத்தைத் தொடாதீர்கள், அது வயது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசின் மாதிரி இறுகி அலகு திறக்காது. தோல் உறையில் போட்டு வைக்கவும் வேண்டாம், தோல் பதனிட்ட சத்தும் ஈரமும் சேர்ந்து அலகைத் தின்னும். பொட்டு வைத்த குங்குமம் எலும்பின் வெடிப்பில் ஏறியிருந்தால் நான் எடுக்க மாட்டேன், அது உங்கள் பாட்டி வீட்டுக் கத்தி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறென்ன.

ராயக்கோட்டை ரோடு எழுதியது:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். மான் கொம்பு, தந்தம் என்று இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. ஆன்லைனில் விற்கப் போடுவதற்கு முன் மாமாவிடம் சொல்லுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எவ்வளவு பழையதாக இருந்தாலும் தந்தம், மான் கொம்பு வைத்த பொருளை இஷ்டத்துக்கு வாங்குவதும் விற்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும். ஷெஃபீல்ட் கத்திகளுக்குப் பிடி போட்ட கொம்பில் பெரும்பங்கு நம் நாட்டுக் கடமான் கொம்புதான், இங்கிருந்து கப்பலேறிப் போய்ப் பிடியாகித் திரும்பி வந்தது. உண்மையிலேயே கொம்புதான் என்று தெரிந்தால் வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எலும்பில் ஊசி குத்திய மாதிரி சின்னச் சின்னக் கரும்புள்ளியும் கோடும் தெரியும், ரத்தக் குழாய் ஓடிய வழி. தந்தத்தில் அந்தப் புள்ளி இருக்காது, குறுக்கு வெட்டு முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலை மாதிரி போகும். ஒரே சீராக நோட்டுக் கோடு போட்ட மாதிரி இருந்தால் செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக், லேசாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், செல்லுலாய்டு குப்பென்று பற்றும். அது கெட்டுப்போக ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருக்கிற மற்ற கத்திகளையும் துருவாக்கும், தனியாக வையுங்கள். கொம்பு என்றால் இரண்டு பக்கப் பிடியிலும் மேடுபள்ளம் வேறு வேறாக இருக்கும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றேபோல் இருந்தால் அச்சில் வார்த்தது.

நூறு வருடம் தாண்டியிருந்தால் இன்னொரு சிக்கல், தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டனிலிருந்து ஒருவர் கேட்டார் என்று கூரியரில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் வைத்திருக்க மூன்று அங்குலக் கத்திக்கு லைசென்ஸ் எல்லாம் தேவையில்லை, ஆனால் டவுன் பஸ்ஸில் இடுப்பில் செருகிக்கொண்டு போகவும் வேண்டாம்.

இரும்புக்கிறுக்கன் எழுதியது:

இந்தக் கத்தி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லா. தருமபுரி 1965இல் பிரிந்தது, அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல். அந்தச் சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் நம் பக்கத்து இரும்பைப் பார்த்துக் கிறங்கி, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் உருக்காலை போட்டார். கனிமம் சேலத்திலிருந்து, எரிக்க மரக்கரி. அங்கே வார்த்த இரும்பு ஷெஃபீல்டுக்கும் போனது. ஆலையில் நஷ்டம். அப்புறம் அவரே ஷெஃபீல்ட் போய், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று 1839இல் காப்புரிமை வாங்கினார். அங்கிருந்த உருக்காலைக்காரர்கள் முறையைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக்கொண்டு காசு கொடுக்காமல் விட்டார்கள். வழக்குப் போட்டுப் போட்டே மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

அதற்கும் முன்னால், நம் நாட்டு உருக்குக் கட்டிகளை 1790களில் இங்கிலாந்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் அதில் பேனாக்கத்தி அடித்துப் பார்த்து மெச்சினார், பிறகு ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளில் ஆராய்ச்சியும் செய்தார். மின்சாரத்துக்குப் பேர் போன அதே ஃபாரடேதான்.

உடனே நம் மண்ணின் இரும்பு உங்கள் தாத்தா கத்தியாகத் திரும்பி வந்தது என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். ஷெஃபீல்டின் நல்ல எஃகுக்குப் பெரும்பாலும் ஸ்வீடன் இரும்புதான். பெருமைப்பட வேண்டுமென்றால் பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறை போதாதா, பொது ஆண்டுக்கு முன் 2172 என்று இரும்பின் காலம் கணித்த இடம். உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

சந்தூர்க்கன்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி மொட்டை மாடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முதலில் கெட்ட சேதி. நட்சத்திரத்துக்கு ஐந்து முனைதான். சிலுவை சாதாரணக் கூட்டல் குறி. பெயரில் டி எழுத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் இருக்கிற அதே மரு, அதே வரி, மறுபக்கமும் அப்படியே. டீக்கடை லட்சம் போய்விட்டது. ஆனால் மான் கொம்பு இல்லை என்பதில் ஒரு நிம்மதி.

முதல் கத்தியின் நாக்கில் கரும்புள்ளிகள் இருக்கின்றன, எலும்புதான். அலகு முழுசாக அடங்குகிறது, டக் சத்தமும் வருகிறது. அடியில் இங்கிலாந்து என்ற சொல்லும் இருக்கிறது. ஒட்டுக்கட்டி ஐயா சொன்ன மாதிரி பாட்டியைக் கேட்டேன். கல்யாணத்துக்கு முன் தாத்தா ஓசூர் பக்கம் ஒரு துரை பங்களாத் தோட்டத்தில் இரண்டு வருடம் ரோஜா பார்த்துக்கொண்டாராம், துரை ஊருக்குப் போகும்போது கொடுத்தாராம். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் யாரும் கேட்கவில்லையே என்கிறார். நான் கத்தியை அவர் கையில் நீட்டியதும், கையில் கொடுக்காதே, கீழே வை என்று அதட்டிவிட்டு, கீழே வைத்ததும் எடுத்து அந்த நாக்கை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

சேகரிப்பு பற்றியும் சொல்லுங்கள், எங்கே தேடுவது?

பாரமகால்வாசி எழுதியது:

ஓசூர் சேதி கேட்டதும் எனக்கு மூன்று கத்தியும் மறந்துபோனது. அதை முதலில் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கத்தியோடு சுற்றி வையுங்கள். என்னிடம் இருக்கிற நாற்பதில் யார் வைத்திருந்தது என்று தெரிந்தவை மூன்றே மூன்று.

தேடுவதென்றால் ஆன்லைன் கடைசி, படத்தில் முத்திரை தெரியாது, டக் சத்தம் கேட்காது. பழைய இரும்புக் கடை, வீடு பிரிக்கிற இடம், பெங்களூரு ஞாயிறு சந்தை. எனக்கு நன்றாகக் கொடுத்தது கோலார் தங்கவயல்தான், சுரங்கத்தில் வெள்ளைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர், 2001இல் மூடினபின் சாமான்கள் மெல்ல வெளியே வந்தன. ஊஸ்டன்ஹோம் என்ற ஷெஃபீல்ட் கம்பெனியின் கத்தி ஒன்றை அங்கேதான் 300 ரூபாய்க்கு எடுத்தேன், ஐ எக்ஸ் எல் முத்திரை போட்டது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நானே மேல் என்று அவர்கள் மொழியில் வரும். கடைக்காரர் அதில் நூல்கண்டு வெட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மூன்றாவது கத்தி பட்டாளக் கத்தி, அதை லேசாக நினைக்காதீர்கள். அந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான அடையாளம், ஆண்டும் இருக்கிறது, கம்பெனிப் பெயரும் இருக்கும். அதையும் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

போலி ரோஜர்ஸையும் தூக்கிப் போடாதீர்கள். அசலைப் பார்க்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு போலி வேண்டும்.

சந்தூர்க்கன்று எழுதியது:

அண்ணா, பட்டாளக் கத்தி விஷயம். மற்ற இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன், அது கனமாக இருக்கிறதே, யார் தொடப்போகிறார்கள் என்று மேசை மேலேயே விட்டுவிட்டேன். இன்று ஞாயிறு. மாமா காலையிலேயே சந்தைக்குப் போய் வந்துவிட்டார். அலகு முகம் பார்க்கலாம் போல் மின்னுகிறது. 1943 இல்லை. கோழிக்கால் இல்லை. 40 ரூபாய் கேட்டதை 30 ஆக்கினாராம், அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறார்.

ஒட்டுக்கட்டி எழுதியது:

அதை மாமாவுக்கே கொடுத்துவிடுங்கள், தேங்காய் உரிக்கட்டும். பீரோச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது?

சந்தூர்க்கன்று எழுதியது:

பாட்டியின் இடுப்பில்.